ஜீப்பு திசைமாற்றித் தண்டு மீளமைப்பு

ஜீப்பு திசைமாற்றித் தண்டு மீளமைப்பு என்பது, பல ஆண்டுகள் ஓடித் தேய்ந்த ஜீப்பு வகை வாகனத்தின் திசைமாற்றித் தண்டையும் அதன் அடியில் உள்ள திசைமாற்றிப் பெட்டியையும் கழற்றி ஆய்ந்து, தேய்ந்த உறுப்புகளை மாற்றி, மீண்டும் உரிய அளவுக்குப் பொருத்தும் பணி ஆகும். பட்டறைகளில் இதனை ஸ்டியரிங் பாக்ஸ் வேலை என்பர். கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலை போன்ற, வளைவுகள் மிகுந்த மலைச்சாலைகளில் ஓடும் பழைய வாகனங்களுக்கு இப்பணி இன்றியமையாதது. இக்கட்டுரை, வில்லிஸ் சிஜே-3பி வடிவமைப்பைப் பின்பற்றி இந்தியாவில் மகிந்திரா நிறுவனம் உருவாக்கிய ஜீப்பை எடுத்துக்காட்டாகக் கொண்டு எழுதப்பட்டுள்ளது.

வரலாறு

மகிந்திரா நிறுவனம் 1945 ஆம் ஆண்டு லூதியானாவில் மகிந்திரா அண்டு முகமது என்ற பெயரில் தொடங்கப்பட்டது. 1948 இல் இதன் பெயர் மகிந்திரா அண்டு மகிந்திரா என மாற்றப்பட்டது. அமெரிக்காவின் வில்லிஸ் நிறுவனத்தின் ஜீப்புகளை இந்தியாவில் பொருத்தி விற்பதில் தொடங்கி, பின்னர் உரிமம் பெற்று இங்கேயே உற்பத்தி செய்தது. உயரமான முன்மூடியைக் கொண்டு எளிதில் அடையாளம் காணத்தக்க சிஜே-3பி, அமெரிக்காவில் 1953 முதல் 1968 வரை உற்பத்தியானது. அங்கு உற்பத்தி நின்ற பின்னரும், இவ்வடிவத்தைப் பின்பற்றிய ஜீப்புகள் இந்தியாவில் பல பத்தாண்டுகள் தொடர்ந்து உருவாக்கப்பட்டன. அரசுத் துறைகளிலும், தோட்டங்களிலும், மலைக் கிராமப் போக்குவரத்திலும் இவை பெரிதும் பயன்பட்டன.

இந்த ஜீப்பின் திசைமாற்றிப் பெட்டி ராஸ் வகையைச் சேர்ந்தது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்து லாஃபயெட் நகரில், 1906 இல் டேவிட் ராஸ் என்ற பொறியாளர் தொடங்கிய நிறுவனத்தின் பெயரால் இவ்வகை அழைக்கப்படுகிறது. அதே காலத்தில் இந்தியச் சாலைகளில் ஓடிய அம்பாசிடர் மகிழுந்து, மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையை அடிப்படையாகக் கொண்டது. அதில் பற்சட்டமும் சிறு பற்சக்கரமும் கொண்ட வேறு வகைத் திசைமாற்றி இருந்தது. எனவே அம்பாசிடருக்குப் பொருந்தும் சரிசெய்யும் முறை ஜீப்புக்குப் பொருந்தாது. பிற்காலத்தில் வந்த பல வாகனங்களில் சுழல்குண்டு வகைப் பெட்டிகள் இடம்பெற்றன. அவற்றின் சரிசெய்யும் முறையும் வேறுபட்டது.

அமைப்பு

ஓட்டுநர் கைச்சக்கரத்தைத் திருப்பும்போது அத்திருப்பம் கீழ்க்காணும் வரிசையில் முன்சக்கரங்களைச் சென்றடைகிறது.

* திசைமாற்றித் தண்டு: உள்ளீடற்ற எஃகுக் குழாய். இதன் மேல்முனையில் கைச்சக்கரம் பல்வரித் தடங்களில் அமர்ந்து மரையால் இறுக்கப்பட்டிருக்கும்.
* உறைக்குழாய்: தண்டைச் சுற்றி அசையாமல் நிற்கும் வெளிக்குழாய். இதன் மேற்பகுதியில் தண்டைத் தாங்கும் பேரிங் உள்ளது. கருவிப் பலகையின் அடியில் ஒரு பிடிப்பு இதனைத் தாங்குகிறது.
* புரியுருளை: தண்டின் அடிமுனையில் நிலையாகப் பொருத்தப்பட்ட, சுருள் பள்ளம் வெட்டிய உருளை. இதன் இரு முனைகளிலும் குண்டுத் தாங்கிகள் உள்ளன.
* நெம்புத்தண்டு: இதன் ஒருபுறம் உள்ள இரண்டு கூம்பு முளைகள் புரியுருளையின் பள்ளத்தில் அமர்கின்றன. உருளை சுழலும்போது முளைகள் பள்ளத்தைத் தொடர்ந்து நகர, நெம்புத்தண்டு இடம் வலமாகத் திரும்புகிறது.
* பிட்மேன் கை: பெட்டிக்கு வெளியே நெம்புத்தண்டின் மறுமுனையில் பொருத்தப்பட்ட கை.
* இழுதண்டு: பிட்மேன் கையையும் பெல் கிராங்கையும் இணைப்பது. பட்டறைகளில் டிராக் லிங்க் எனப்படும்.
* பெல் கிராங்கு: வாகனச் சட்டத்தின் முன் குறுக்குச் சட்டத்தில் ஊன்றிச் சுழலும் நெம்பு.
* டை ராடுகள்: பெல் கிராங்கிலிருந்து இரு முன்சக்கரங்களுக்கும் செல்லும் இணைதண்டுகள்.

புரியுருளையின் பள்ளம் எல்லா இடத்திலும் ஒரே அகலம் உடையதன்று. வாகனம் நேராகச் செல்லும் நடுநிலையில் பள்ளம் சற்றுக் குறுகலாகவும், இரு ஓரங்களிலும் சற்று அகலமாகவும் வெட்டப்பட்டிருக்கும். ஆகையால் புதிய பெட்டியிலும் நடுநிலையில் முளைகள் இறுக்கமாகவும், முழுத் திருப்பத்தில் சற்றுத் தளர்வாகவும் இருப்பதே இயல்பு. பின்வரும் சரிசெய்யும் முறை முழுவதும் இந்த ஒரு செய்தியையே சார்ந்துள்ளது.

கல்வராயன் மலையும் திசைமாற்றித் தேய்மானமும்

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகும். பச்சைமலை, சேர்வராயன் மலை, சவ்வாது மலை ஆகியவற்றோடு சேர்ந்து இது காவிரி, பாலாறு வடிநிலங்களைப் பிரிக்கிறது. வடபகுதி சின்னக் கல்வராயன் எனவும் தென்பகுதி பெரிய கல்வராயன் எனவும் வழங்கப்படும். மலையாளி என்னும் பழங்குடி மக்கள் இங்கு வாழ்கின்றனர். மலையின் கிழக்குப் பகுதி, 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து செயல்படத் தொடங்கிய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அடங்கும். கல்வராயன் மலை வட்டத்தின் தலைமையிடம் வெள்ளிமலை. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக மலையேறும் சாலை வெள்ளிமலையைச் சென்றடைகிறது. 2024 இல் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்துக்கொண்ட வழக்கில், இம்மலை மக்களுக்கான சாலை, போக்குவரத்து வசதிகளும் கேள்விக்கு உள்ளாயின.

சமவெளிச் சாலையில் ஓடும் வாகனத்தின் கைச்சக்கரம் பெரும்பாலும் நடுநிலையை ஒட்டியே அசைகிறது. எனவே புரியுருளைப் பள்ளத்தின் நடுப்பகுதியே முதலில் தேய்கிறது. மலைச்சாலையில் இதனோடு வேறு மூன்று காரணங்கள் சேர்கின்றன. முதலாவதாக, கொண்டை ஊசி வளைவுகளில் குறைந்த வேகத்தில், மிகுந்த விசையுடன் முழுத் திருப்பம் வரை சக்கரத்தைத் திருப்ப வேண்டியுள்ளது. இரண்டாவதாக, கற்களிலும் குழிகளிலும் ஏறி இறங்கும் முன்சக்கரங்களின் அதிர்ச்சி டை ராடு, பெல் கிராங்கு வழியாகக் கூம்பு முளைகளைத் தாக்குகிறது. மூன்றாவதாக, புழுதியும் மழைநீரும் கிழிந்த ரப்பர் உறைகள் வழியே இணைப்புகளில் புகுந்து அரைக்கின்றன.

வெற்றாட்டமும் சட்ட வரம்பும்

கைச்சக்கரத்தைத் திருப்பியும் முன்சக்கரங்கள் அசையாதிருக்கும் அளவு வெற்றாட்டம் எனப்படும். பட்டறை வழக்கில் இதனைப் பிளே அல்லது ஆட்டம் என்பர். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 இன் 98 ஆம் விதிப்படி, கைச்சக்கரத்தில் இது 30 பாகைக்கு மேற்படக் கூடாது. திசைமாற்றி இணைப்புகளின் பந்து மூட்டுகள் ரப்பர் உறையால் காக்கப்பட வேண்டும் என்றும், இணைப்புத் திருகாணிகள் தளராதபடி பூட்டப்பட வேண்டும் என்றும் அதே விதி கூறுகிறது.

30 பாகை என்பது சிறிய அளவன்று. 40 செ.மீ விட்டமுள்ள கைச்சக்கரத்தின் விளிம்பில் இது ஏறத்தாழ 10.5 செ.மீ தொலைவாகும். இந்த இடைவெளியைக் கடக்க ஓட்டுநருக்கு அரை நொடி பிடித்தால், மணிக்கு 30 கி.மீ வேகத்தில் செல்லும் வாகனம் அதற்குள் 4 மீட்டருக்கு மேல் முன்சென்றுவிடும். மலைச்சாலையின் ஒரு வளைவில் 4 மீட்டர் என்பது சாலையின் விளிம்பைத் தாண்டப் போதுமான தொலைவு. ஆகவே 30 பாகையைச் சட்டத்தின் எல்லையாகக் கொள்ள வேண்டுமேயன்றி, நல்ல நிலையின் அளவாகக் கொள்ளலாகாது.

மோட்டார் வாகனச் சட்டம், 1988 இன்படி சொந்தப் பயன்பாட்டு வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஆய்வுக்கு உட்படுத்தி 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பழைய ஜீப்புகள் அனைத்தும் இந்த ஆய்வைக் கடந்தே சாலையில் ஓட இயலும்.

முன்சோதனை

வெற்றாட்டம் முழுவதும் பெட்டியிலிருந்தே வருகிறது என்று கொள்வது பரவலான தவறாகும். பழைய ஜீப்புகளில் அதன் பெரும்பகுதி பெல் கிராங்கின் தேய்ந்த ஊன்றுதண்டிலிருந்தும் டை ராடு முனைகளிலிருந்தும் வருவது உண்டு. எனவே பெட்டியைக் கழற்றுமுன், வாகனத்தைச் சமதளத்தில் நிறுத்தி, ஒருவர் கைச்சக்கரத்தை இருபுறமும் சிறிதளவு அசைக்க, மற்றொருவர் கீழே இருந்து ஒவ்வொரு இணைப்பாகப் பார்க்க வேண்டும். எந்த உறுப்பு அசைந்தும் அதற்கு அடுத்த உறுப்பு அசையவில்லையோ, தளர்வு அவ்விரண்டிற்கும் இடையில் உள்ளது.

அறிகுறிகளும் அவற்றுக்கான பொதுவான காரணங்களும் வருமாறு:

* கைச்சக்கரம் மேலும் கீழுமாக அசைதல்: புரியுருளைத் தாங்கிகளின் தேய்மானம்.
* கைச்சக்கரம் பக்கவாட்டில் ஆடுதல்: உறைக்குழாயின் மேற்பகுதி பேரிங் தேய்மானம்.
* தண்டு அசைந்தும் பிட்மேன் கை அசையாமை: கூம்பு முளை அல்லது பள்ளத்தின் தேய்மானம்.
* பிட்மேன் கை தன் அச்சில் ஆடுதல், எண்ணெய்க் கசிவு: நெம்புத்தண்டு புஷ்களின் தேய்மானம்.
* பெட்டி முழுவதுமே அசைதல்: வாகனச் சட்டத்துடன் இணைக்கும் திருகாணிகளின் தளர்வு அல்லது சட்டத்தில் விரிசல்.
* முன்சக்கரங்கள் நடுங்குதல்: பெல் கிராங்கு, டை ராடு முனை, கிங் பின் பேரிங், சக்கர பேரிங் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ தளர்தல்.

கழற்றுதல்

சிஜே-3பி வடிவத்தில் தண்டும் புரியுருளையும் ஒரே உறுப்பாக உள்ளன. இடையில் மூட்டு எதுவும் இல்லை. ஆகவே தண்டைத் தனியாகவோ பெட்டியைத் தனியாகவோ எடுக்க இயலாது. முதலில் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, மின்கலத்தின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். ஹாரன் கம்பியை விடுவித்த பின், கைச்சக்கரத்தையும் தண்டையும் இணைத்து ஒரு குறி இட்டு, இழுப்பான் கருவியால் கைச்சக்கரத்தை எடுக்க வேண்டும். பிட்மேன் கைக்கும் நெம்புத்தண்டுக்கும் இவ்வாறே குறி இடுதல் வேண்டும். பிட்மேன் கையைச் சுத்தியலால் அடித்துக் கழற்றினால், அந்த அடி நேராகக் கூம்பு முளைகளுக்கும் பள்ளத்துக்கும் சென்று அவற்றில் தழும்பு உண்டாக்கும். இதற்கும் இழுப்பானே ஏற்றது. பெட்டியை வெளியே எடுக்க, மாதிரிக்கேற்பத் தரைத்தகடு, முன்சக்கரக் காப்புத் தகடு ஆகியவற்றையும் அகற்ற நேரிடும்.

பெட்டியின் எண்ணெயை வடித்தபின் பக்க மூடியைத் திறந்து நெம்புத்தண்டை உருவலாம். மேல்மூடிக்கும் பெட்டிக்கும் இடையே உள்ள மெல்லிய ஷிம் தகடுகளை எண்ணி, அளந்து, வரிசை மாறாமல் வைக்க வேண்டும். தாங்கிக் குண்டுகளையும் எண்ணிக் குறித்துக்கொள்ளுதல் நலம்.

ஆய்வும் உறுப்பு மாற்றமும்

எல்லா உறுப்புகளையும் மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்திய பின் பார்க்க வேண்டியவை:

* புரியுருளைப் பள்ளத்தின் சுவர்களில் பொத்தல், உதிர்வு, படிபோன்ற தேய்மானம் இருந்தால் தண்டும் உருளையும் சேர்ந்த முழு உறுப்பையும் மாற்ற வேண்டும்.
* கூம்பு முளைகளின் ஒருபக்கம் தட்டையாகியிருந்தால் அவை பயனற்றவை.
* தாங்கிக் கிண்ணங்களிலும் குண்டுகளிலும் குழி இருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.
* புதிய புஷ்களை அழுத்திப் பொருத்திய பின், நெம்புத்தண்டின் அளவுக்கு ரீமர் கொண்டு துளையைச் சீராக்க வேண்டும். நெம்புத்தண்டிலேயே தேய்மானம் இருப்பின் புதிய புஷ் மட்டும் பயன் தராது.
* தண்டை இரு தாங்கிகளின்மேல் கிடத்திச் சுழற்றி, வளைவு உள்ளதா எனப் பார்க்க வேண்டும்.
* எண்ணெய்க் காப்பு வளையங்களை எப்போதும் புதிதாகவே இட வேண்டும்.

பிட்மேன் கை, நெம்புத்தண்டு ஆகியவற்றில் விரிசலைக் கண்டறிய, நவீன பட்டறைகளில் காந்தத்துகள் சோதனை உள்ளது. அவ்வசதி இல்லாத இடங்களில் பழைய முறை ஒன்று கைகொடுக்கும். உறுப்பை மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, நன்கு துடைத்து, அதன்மேல் சுண்ணக்கட்டித் தூளைப் பூச வேண்டும். விரிசல் இருப்பின் அதனுள் தங்கிய எண்ணெய் ஊறிவந்து தூளில் கோடாகத் தெரியும். விரிசல் கண்ட உறுப்பை மாற்றுவது ஒன்றே வழி. திசைமாற்றி உறுப்புகளைப் பற்றவைப்பதும், வாயுச் சுடரால் சூடாக்கி நிமிர்த்துவதும் அவற்றின் வெப்பப் பதத்தைக் கெடுக்கும். அவ்வாறு சீர்செய்த உறுப்பு வெளித்தோற்றத்தில் நன்றாக இருந்து, ஒருநாள் முன்னறிவிப்பின்றி முறியக்கூடும்.

பொருத்துதலும் சரிசெய்தலும்

சரிசெய்தல் இரண்டு உண்டு. அவற்றின் வரிசை மாறலாகாது.

முதற் சரிசெய்தல்: தண்டின் நீளவாட்டு ஆட்டத்தை நீக்குதல். மேல்மூடிக்கு அடியிலுள்ள ஷிம் தகடுகளை அகற்றினால் தாங்கிகள் இறுகும். சேர்த்தால் தளரும். இத்தகடுகள் 0.002, 0.003, 0.010 அங்குலத் தடிப்புகளில், அதாவது ஏறத்தாழ 0.05, 0.08, 0.25 மி.மீ அளவுகளில் இருக்கும். நெம்புத்தண்டு இன்னும் பொருத்தப்படாத நிலையில், தண்டு நீளவாட்டில் சிறிதும் அசையாமலும், பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்துத் திருப்பினால் இலேசான தடையுடன் சுழலுமாறும் அமைய வேண்டும்.

இரண்டாம் சரிசெய்தல்: முளைகளுக்கும் பள்ளத்துக்கும் இடையிலான தளர்வை நீக்குதல். நெம்புத்தண்டைப் பொருத்திப் பக்க மூடியை இட்டபின், தண்டை ஒரு முனை முதல் மறுமுனை வரை சுழற்றிச் சுற்றுகளை எண்ணி, அதில் பாதியளவு திரும்பச் சுற்றினால் நடுநிலை கிடைக்கும். அந்நிலையில் பக்க மூடியின் சரிசெய் திருகை, நடுவைக் கடக்கும்போது மட்டும் சிறு தடை தோன்றும் வரை இறுக்க வேண்டும். பின்னர் திருகு அசையாதபடி பிடித்துக்கொண்டு பூட்டு மரையை இறுக்க வேண்டும்.

இச்சரிசெய்தலை நடுநிலை தவிர வேறு எங்கும் செய்யலாகாது. ஓரத்தில் உள்ள தளர்வு இயல்பானது. அதனைக் குறையெனக் கருதி இறுக்கினால், குறுகலான நடுப்பகுதியில் முளைகள் நெருக்குண்டு பிடிக்கும். கொண்டை ஊசி வளைவிலிருந்து வெளிவரும் வாகனத்தின் முன்சக்கரங்கள் காஸ்டர் கோணத்தால் தாமே நேராக முயலும்போது, கைச்சக்கரம் திரும்ப வராமல் நின்றுவிடும்.

இதற்கு நேர்மாறான தீங்கும் உண்டு. நடுப்பகுதி மிகவும் தேய்ந்த புரியுருளையில், நடுநிலையின் ஆட்டத்தைத் திருகை இறுக்கியே மறைக்க முயன்றால், தேயாத ஓரப்பகுதிகளில் முளைகள் இறுகிவிடும். அத்தகைய வாகனம் கள்ளக்குறிச்சியின் சமவெளிச் சாலையில் சிறந்த நிலையில் இருப்பதாகவே தோன்றும். மலையேறி முழுத் திருப்பம் தேவைப்படும் முதல் வளைவிலேயே கைச்சக்கரம் கடினப்படும். ஆகவே சரிசெய்தபின், இழுதண்டை இணைக்கும் முன்னரே, தண்டை ஒரு முனை முதல் மறுமுனை வரை முழுமையாகச் சுழற்றிப் பார்ப்பது கட்டாயம். நடுவைவிட ஓரத்தில் எங்கேனும் இறுக்கம் தென்பட்டால், அந்தப் புரியுருளை சரிசெய்யத்தக்க நிலையைக் கடந்துவிட்டது எனக் கொள்ள வேண்டும்.

வாகனத்தில் ஏற்றும்போது, பெட்டியின் திருகாணிகளையும் கருவிப் பலகைப் பிடிப்பையும் தளர்வாக இட்டு, தண்டு தன்போக்கில் அமர்ந்த பின்னரே இறுக்க வேண்டும். வலிந்து இழுத்துப் பிடிப்பில் பூட்டினால் தண்டு வளைந்து, சரியாகச் சீரமைத்த பெட்டியிலும் இறுக்கம் தோன்றும். பெட்டியில் மாதிரிக்கு உரிய கையேடு குறிப்பிடும் கியர் எண்ணெயை நிரப்ப வேண்டும். கசிவை மறைக்கக் கெட்டியான கிரீஸ் இடும் பழக்கம் உண்டு. முளைகள் கிரீசை ஒருமுறை விலக்கிவிட்டால் அது மீண்டும் பள்ளத்துக்குள் வழிந்து வராது. முளைகள் உலர்ந்து தேயும்.

இறுதியாக முன்சக்கரங்களின் உட்சாய்வை அளந்து டை ராடுகளைச் சரிசெய்ய வேண்டும். வில்லிஸ் கையேடுகளில் இவ்வளவு 3/64 முதல் 3/32 அங்குலம், அதாவது ஏறத்தாழ 1.2 முதல் 2.4 மி.மீ ஆகும். எல்லாப் பிளவு ஊசிகளையும் புதிதாக இட்டு, ஓட்டச் சோதனையை முதலில் வெறுமையான சமதளத்தில், குறைந்த வேகத்தில் நடத்த வேண்டும். சிறிது தொலைவு ஓடியபின் பெட்டியின் திருகாணிகளையும் பிட்மேன் மரையையும் மீண்டும் சோதித்த பின்னரே மலையேறுதல் முறை.

வடிவமைப்பின் வரம்பு

மீளமைப்பு ஒரு பழைய திசைமாற்றியை அதன் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும். அதற்கு மேல் பாதுகாப்பானதாக ஆக்காது. முன்பகுதியில் உள்ள பெட்டியிலிருந்து ஓட்டுநரின் மார்பு வரை மூட்டின்றி நீளும் தண்டு, நேருக்குநேர் மோதலில் பின்னோக்கித் தள்ளப்படும் இடர் கொண்டது. இதனைத் தவிர்க்க, மோதலில் தானே மடங்கி ஆற்றலை ஏற்கும் தண்டுகளை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் 1967 மாதிரி மகிழுந்துகளில் அறிமுகப்படுத்தியது. அமெரிக்காவில் 1968 முதல் நடைமுறைக்கு வந்த பாதுகாப்புத் தரம், மணிக்கு ஏறத்தாழ 48 கி.மீ வேக மோதல் சோதனையில் தண்டு 127 மி.மீ அளவுக்கு மேல் பின்னோக்கி நகரக் கூடாது என வரையறுத்தது. சிஜே-3பி இதற்கு முந்திய வடிவமாகும். எனவே மீளமைத்த ஜீப்பிலும் வேகக் கட்டுப்பாடும் இருக்கைப் பட்டையும் தேவை.

இவற்றையும் பார்க்க

* திசைமாற்றி
* பற்சட்டமும் சிறு பற்சக்கரமும்
* அம்பாசிடர் மகிழுந்து
* கல்வராயன் மலை
* கள்ளக்குறிச்சி மாவட்டம்